பெட்டு கட்டிய அக்கா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த அக்காவிடம் தோற்றுப்போனேன்.

ஆரணியில் ஒரு பட்டு ஜவுளி முதலாளியின் கடை அது. கீழே கடை, அதன் பின்னால் சேலை மடித்துக் கட்டும் இடம், மாடியில் கணக்கு ஆபீஸ். பி.காம். சான்றிதழ் வைத்த ஃபைலோடு நான் மாடி ஏறி உட்கார்ந்ததும் கரண்ட் போய்விட்டது. எதிர் மேஜையில் இருந்த அக்கா என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "கரண்ட்டு மொதல்ல வருமா, டீ மொதல்ல வருமா? ஜல்தி சொல்லு," என்றார். கரண்ட் என்றேன். டீ வந்தது. முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஆபீஸ் முழுவதற்கும் என் செலவில் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

எனக்குக் கோபம்தான். புதிதாக வந்த பெண்ணிடம் இப்படியா நடந்துகொள்வது? ஆனால் பொட்டலத்தைப் பிரித்து முதல் போண்டாவை என் கையில் வைத்தவரும் அவர்தான். "தோத்தவங்கதான் மொதல்ல துன்னணும். அப்பதான் மூஞ்சத் தூக்கி வெச்சிக்க மாட்டாங்க," என்றார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் தின்றேன். இருந்தாலும் நன்றாக இருந்தது.

அக்காவுக்கு எல்லாமே பெட்டுதான். சேலை எடுக்க வந்திருக்கும் கல்யாண வீட்டார் எந்தக் கலரில் போய் நிற்பார்கள், போனில் பேசிக்கொண்டிருக்கும் முதலாளி திட்டி முடிப்பாரா சிரித்து முடிப்பாரா, சென்னை பஸ் நேரத்துக்கு வருமா என்று எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். கிறிஸ்தவக் குடும்பம். சர்ச்சில் பாடகர் குழுவில் முன்வரிசை. தன் குரலைக் கேட்கவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கூட்டம் வருகிறது என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்வார். "பெட்டு கட்றது பாவம் இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "துட்டு வெச்சாதான் சூதாட்டம். போண்டா வெச்சா அது டிபன்," என்றார். ஆயரிடமே பெட்டு கட்டியவரிடம் எனக்கு என்ன கேள்வி? பிரசங்கத்தை அரைமணி நேரத்தில் அவரால் முடிக்க முடியாது என்று கட்டினாராம். ஆயர் தோற்றுப்போய், பாடகர் குழு நிற்கும் பக்கம் ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தாராம்.

பெட்டு என்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்பதில் அக்கா கறார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்வதை மூன்றாவது ஆள் கேட்க வேண்டும். எங்களுக்கு அந்த மூன்றாவது ஆள் டீக்காரர்தான். பெரிய மீசை, பெரிய உடம்பு, தூக்கில் டீ வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கடைகளுக்கு ஊற்றுகிறவர். அவர் சொன்னால் சொன்னதுதான். முதலாளியே மறுத்துப் பேசமாட்டார், ஏனென்றால் மறுத்தால் மறுநாள் டீ ஆறிப்போய் வரும்.

அக்கா தோற்றதும் உண்டு. வேலூரிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார் அரக்குதான் எடுப்பார்கள் என்று என்னோடு கட்டினார். அவர்கள் கிளிப்பச்சை எடுத்துக்கொண்டு போனார்கள். தோற்றவர் பரண் மேலிருக்கும் பழைய ஃபைல்களைத் தூசி தட்ட வேண்டும் என்பது பேச்சு. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். தூசி தும்மலில் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. "விடுங்கக்கா, நான் சும்மாதான் கட்டினேன்," என்றேன். மேலேயிருந்து முறைத்தார். "நான் ஜெயிச்சப்ப உன்ன உட்டனா? போண்டா வாங்கிக் குடுத்த இல்ல? சும்மா இரு." கடைசி ஃபைல் வரை தட்டிவிட்டுத்தான் இறங்கினார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஆள் மேல் பிரியம் வந்தது.

இப்போது சொல்லக் கூச்சமான ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குப் பாத்ரூம் கிடையாது. ஆண்கள் பின்பக்கச் சந்துக்குப் போய்விட்டு வந்துவிடுவார்கள். மாடியில் நாங்கள் இரண்டு பேர், கீழே சேலை மடிக்கும் பெண்கள் நாலைந்து பேர். அடுத்த தெருவில் முதலாளியின் சொந்தக்காரர் வீடு ஒன்று இருந்தது. அங்கே போய் நின்றால் அந்த வீட்டு அம்மா கதவைத் திறக்கும்போதே முகம் சுளிப்பார். அந்த முகத்தைப் பார்ப்பதற்கு அடக்கிக்கொண்டே இருக்கலாம் என்று நாங்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டோம். மடிக்கிற பெண்களில் மூத்தவரான ஒரு அம்மாவுக்கு இதனாலேயே அடிக்கடி நீர்க்கடுப்பு, காய்ச்சல். முதலாளியிடம் யார் போய் இதைச் சொல்வது? சொல்லக்கூடிய விஷயமா இது? கெட்டவரும் இல்லை அவர். நெசவாளிக்குக் கூலி பாக்கி வைத்ததே இல்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டரில் கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பேங்க் வரவு செலவு ஒரு வருஷத்துக்கு ஏறாமல் அப்படியே கிடந்தது. ஊர் ஊராகச் சேலைக் கடைகள் அனுப்பிய பணம், நூல்காரருக்கும் ஜரிகைக்காரருக்கும் தறிக்காரர்களுக்கும் போன செக் என்று கட்டுக்கட்டாகப் பேங்க் ஸ்டேட்மென்ட். ஆடிட்டர் கெடு வைத்துவிட்டார். முதலாளி மாடிக்கு ஏறி வந்தார்.

"எல்லாரும் ஞாயித்துக்கெழமயும் வாங்கம்மா. ஒக்காந்து அடிச்சி முடிங்க. வேற வழி இல்ல."

அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "எதுக்கு மொதலாளி அடிக்கணும்? பேங்க்குல ஒருத்தரு ஏற்கெனவே அடிச்சி வெச்சிருக்காரு. அத எக்செல்லுல வாங்கி அப்பிடியே உள்ள இழுத்துக்கலாம். சாஃப்ட்வேர்ல இம்போர்ட்டுன்னு ஒண்ணு இருக்குது."

சாஃப்ட்வேர் விற்ற வேலூர்க்காரர் அன்றைக்கு சர்வீசுக்காக வந்திருந்தார். அவர் சிரித்தார். "இருக்குதும்மா. நம்ம பக்கம் யாரும் அதத் தொட்டதில்ல. எர்ரர் மேல எர்ரர் அடிக்கும். பேஜாரு புடிச்ச வேல. கையால அடிக்கறதுதான் சேஃப்டி."

"ஆவாதுன்றாரே," என்றார் முதலாளி.

"ஆவும். பெட்டு," என்றார் அக்கா.

டீக்காரர் சரியாக அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா கட்ற?"

"நான் தோத்தா, கணக்கு முடியிற வரைக்கும் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவாம இங்க வந்து நான் ஒருத்தியே அடிக்கறேன். இந்தப் பொண்ணு வர வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா ஞாயிற்றுக்கிழமை பாடாமல் இருந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. ஜுரம் வந்தாலும் போய்ப் பாடிவிட்டு வந்து படுக்கிற ஆள்.

"ஜெயிச்சா?" என்றார் முதலாளி.

"கீழ எங்களுக்கு ஒரு பாத்ரூம். தண்ணி, தாப்பா எல்லாம் வெச்சி."

வேலூர்க்காரர் மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்தேன். இத்தனை ஆண்களுக்கு நடுவில் அந்த வார்த்தையை இவ்வளவு சத்தமாக ஒரு பெண் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா மட்டும் தலை குனியவில்லை. முதலாளிதான் கடைசியில் தொண்டையைச் செருமினார். "சரி. கட்டிக்கலாம்."

டீக்காரர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கேட்டு முடிவு செய்தார். ஒரு எண்ட்ரியைக்கூடக் கையால் அடிக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல் மட்டும் அடித்துக்கொள்ளலாம். வருஷக் கடைசியில் பேங்க் காட்டும் இருப்புப் பாக்கியும் கம்ப்யூட்டர் காட்டும் பாக்கியும் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். சனிக்கிழமை சாயங்கால டீக்குள் முடிக்க வேண்டும்.

முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு பேங்க்குக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பிரிண்ட்தான் தருவேன், ஃபைலாகக் கொடுத்து வழக்கமில்லை என்றார். அக்கா கவுண்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சார், அடுத்து வர்ற ஆளு உங்ககிட்ட பேனா கேப்பாரு. கேட்டா ஃபைல் குடுங்க. கேக்கலன்னா நாங்க போயிட்டே இருக்கோம்." அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் பச்சைத் துண்டு போட்ட ஒரு அரிசி மில்காரர் சலானை நீட்டியபடி வந்து, "சார், பேனா இருக்குதா?" என்றார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பென் டிரைவ் புதிதாக வந்திருந்த காலம். அக்கா தன் தம்பியிடமிருந்து இரவல் வாங்கி வந்ததைக் கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்தார். அதில் ஒரு வருஷக் கணக்கு ஏறியது.

ஃபைலைத் திறந்து பார்த்தபோது என் நம்பிக்கை போய்விட்டது. மேலே பேங்க் விலாசம், நடுநடுவே பக்க மொத்தம், காலி வரிசைகள். சாஃப்ட்வேர் கேட்பதோ தேதி, பெயர், வரவா செலவா, தொகை என்று நேராக நாலு பத்தி. அக்கா ஒவ்வொன்றாகச் சலித்தெடுத்தார். அடுத்த தொல்லை பெயர். எங்கள் ஊர்த் தறிக்காரர்களில் ஒரே பெயரில் ஏகப்பட்ட பேர் இருப்பார்கள். அதனால் எங்கள் கணக்கில் எல்லாம் பட்டப்பெயர்தான். பம்புசெட்டு, கண்ணாடிக்காரர், ரெட்டைத்தறி, மூக்குப்பொடி. பேங்க்கில் அவர்களெல்லாம் இனிஷியலோடு மரியாதையாக இருந்தார்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் சாஃப்ட்வேர் உள்ளேயே விடாது.

அக்கா ஒரு பக்கம் பேங்க் பெயர், மறுபக்கம் எங்கள் பெயர் என்று பட்டியல் போட ஆரம்பித்தார். பேங்க் பெயரைப் பார்த்ததும் எங்கள் பெயரைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும்படி எக்செல்லில் ஒரு ஃபார்முலாவும் எழுதினார். யார் எவர் என்று தெரியாத இடத்தில் கூச்சமே இல்லாமல் முதலாளியிடம் போய்க் கேட்டார். முதலாளிக்கு அதில் ஒரே குஷி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது முள்ளிப்பட்டு ஆளு, நம்ம கண்ணாடிக்காரரோட மச்சான். இவரு மூக்குப்பொடி. இந்த ஆளு கல்யாணத்துல நான் சாப்புட்ட மாதிரி வாழ்க்கைல சாப்புட்டதில்ல." தன்னைத் தோற்கடிக்கத் தானே ஆள் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

முதலில் வேறு கம்பெனி பெயரில் ஒரு காலிக் கணக்கைத் திறந்து அதில் ஏற்றிப் பார்த்தோம். ஜூன் ஐந்தாம் தேதி போட்ட பணம் மே ஆறாம் தேதிக்குப் போய் உட்கார்ந்தது. பன்னிரண்டாம் தேதிக்கு மேல் உள்ளதெல்லாம் எர்ரர். கம்ப்யூட்டர் மாதத்தை முதலில் படிக்கிற ஊர்க்காரனாக இருந்தது. அக்கா அதைத் திட்டிக்கொண்டே தேதியை மாற்றினார். மறுபடி ஏற்றினார். இந்தமுறை எல்லாம் உள்ளே போய்விட்டது, ஆனால் வந்த பணமெல்லாம் போனதாகவும் போன பணமெல்லாம் வந்ததாகவும் காட்டியது. அந்த நேரம் பார்த்தா முதலாளி எட்டிப் பார்க்க வேண்டும்? பாக்கியில் லட்சக்கணக்கில் மைனஸ். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க மொதலாளி. பேங்க்குக்காரரு அவரு பக்கத்துலேர்ந்து எழுதறாரு. நாம நம்ம பக்கத்துலேர்ந்து எழுதணும். பத்தியத் திருப்பிப் போட்டா சரியா வந்துடும்," என்றார் அக்கா. குரல்தான் அப்படி இருந்தது. அவர் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போகும் வழியில் அவர் எதற்கும் பெட்டு கட்டவில்லை. மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகிக்கொண்டிருந்த பாட்டு.

சனிக்கிழமை வேலூர்க்காரரும் வந்து நின்றார். தோற்கிறதைப் பார்க்கத்தான் வந்தார், வேறென்ன? கீழேயிருந்து மடிக்கும் பெண்கள் ஏதோ கேட்க வந்தது போலப் படியில் நின்றார்கள். மூத்த அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். டீக்காரர் தூக்கோடு வந்து நடுவில் நின்றுகொண்டார். அக்கா நிஜக் கணக்கைத் திறந்து, ஃபைலைக் காட்டி, எண்டரைத் தட்டினார்.

ஓட ஆரம்பித்தது. எண்கள் ஏறிக்கொண்டே போயின. நின்றது. ஒரு எர்ரரும் இல்லை. அக்கா பேங்க் கணக்கைத் திறந்து கடைசிப் பாக்கிக்குப் போனார். டீக்காரர் பேங்க் ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஸ்கிரீனில் விரல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒத்துப்போனது. பைசாவும் ஒத்துப்போனது.

படியில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். நான் அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். முதலாளி மட்டும் ஸ்கிரீனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தப்பு," என்றார்.

எங்கள் முதலாளி வெள்ளிக்கிழமை யாருக்கும் பணம் கொடுக்கமாட்டார். லட்சுமி வீட்டை விட்டுப் போகிற நாள் அல்ல அது. யாராவது வந்து கேட்டால் நாளைக்கு வா என்பார். கணக்குப் புத்தகத்தில் வெள்ளிக்கிழமை செலவுப் பக்கம் எப்போதும் காலியாகவே இருக்கும். இப்போது ஸ்கிரீனில் வெள்ளிக்கு வெள்ளி பணம் போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தப்பவில்லை.

"என் கணக்குல வெள்ளிக்கெழம பணம் போனதே இல்ல. இது என் கணக்கே இல்ல. பெட்டு செல்லாது. அழிச்சிடு."

கைதட்டிய கைகள் அப்படியே நின்றன. படியில் யாரோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க வெள்ளிக்கெழம குடுக்கலதான் மொதலாளி. யாருக்காவது தரணும்னா வியாழக்கெழமயே செக் எழுதிக் குடுத்துடறீங்க. வாங்கின ஆளு வெள்ளிக்கெழம காலைல மொத வேலையா பேங்க்குல குடுத்து மாத்திடறாரு."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும். நீங்க செக் புஸ்தகம் எடுத்த நாள்லேர்ந்து இப்பிடித்தான் போய்கினு இருக்கும்."

முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அத்தனை வருஷ வெள்ளிக்கிழமையும் பூஜை முடித்து, விளக்கேற்றி, பெட்டிக்குப் பூட்டுப் போட்டவர். அவரைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது.

"அந்த வருசங்கள்லதான் நீங்க கீழ கடைய இடிச்சி பெருசாக் கட்னீங்க," என்றார் அக்கா. "ரெண்டு பொண்ணுக்கும் கல்யாணம் பண்ணீங்க. லட்சுமி வெள்ளிக்கெழம போயி நெசவுக்காரங்க வீட்டப் பாத்துட்டு, திங்கக்கெழம திரும்பி வந்துகினுதான் இருக்காங்க. வரவுப் பக்கத்தயும் கொஞ்சம் பாருங்க."

மௌஸை நகர்த்தி வரவைக் காட்டினார். முதலாளி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி டீக்காரரிடம், "நீ இன்னா சொல்ற?" என்றார்.

"பாக்கி ஒத்துப்போவணும்னுதான் பேச்சு மொதலாளி. கெழமையப் பத்தி யாரும் பேசல. அக்கா ஜெயிச்சிடுச்சி," என்று சொல்லிவிட்டு டீக்காரர் டம்ளர்களில் டீ ஊற்ற ஆரம்பித்தார். முதல் டம்ளரை முதலாளி கையில் கொடுத்தார்.

முதலாளி டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "வாம்மா," என்றார் அக்காவிடம், "எந்த மூலைல கட்டணும்னு வந்து காட்டு." இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். பின்னாலேயே அத்தனை பெண்களும் போனார்கள். வேலூர்க்காரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, அந்த இம்போர்ட்டை இன்னொருமுறை செய்து காட்ட முடியுமா, வேலூரில் இரண்டு கடைக்கு வேண்டும் என்று கேட்டார். அக்காவிடம் கேளுங்கள், சும்மா காட்டமாட்டார் என்றேன்.

மறுநாள் ஞாயிறு. நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் இல்லை. இருந்தும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அக்கா பாடியதைக் கேட்டேன். கூட்டம் அவர் குரலுக்காகத்தான் வருகிறதா என்று தெரியாது. நான் அதற்காகத்தான் போனேன்.

பாத்ரூம் கட்டி முடிய ஆவணி ஆகிவிட்டது. மேஸ்திரி இழுத்தடித்தார். அவரோடும் அக்கா ஒரு பெட்டு கட்டி வேலையை முடுக்கினார். கதவு மாட்டிய அன்று யார் முதலில் போவது என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றோம். அக்கா அந்த மூத்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நாங்கள் வெளியே காத்திருந்தோம். ரொம்ப நேரமாயிற்று. அம்மா வரவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தமும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. கதவைத் தட்டி, "அம்மா, இன்னா ஆச்சு? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சும்மாத்தான் ஒக்காந்துகினு இருக்கேன்."

யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று எங்களிடம் சொல்லிவிட்டு அக்கா மாடிக்குப் போனார்.